சுவர்க்கம் நம்மவர்க்கு, நரகம் பிறர்க்கு

தமிழ்நாட்டில் எந்த ஊரின் கடைத்தெருவில் நடந்தாலும் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைச் சற்று நின்று வாசிக்கிற வழக்கம் உள்ளவர்கள், மறுமையைப் பற்றி நம் ஜனங்களுக்கு உண்மையில் என்ன நம்பிக்கை இருக்கிறது என்பதைச் சாஸ்திர நூல்களைக் காட்டிலும் அங்கே தெளிவாக அறிந்துகொள்ளலாம். ஒருவர் சிவலோகப் பதவி அடைகிறார். இன்னொருவர் வைகுண்டப் பிராப்தி பெறுகிறார். கிறிஸ்தவரானால் கர்த்தருக்குள் நித்திரையடைகிறார். பகுத்தறிவு இயக்கத்துக் குடும்பமானால் இயற்கை எய்துகிறார். கந்துவட்டிக்குக் கொடுத்துப் பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியவரும், பாகப்பிரிவினை வழக்கை ஆயுள் முழுவதும் இழுத்துத் தம்பி மக்களை ஓட்டாண்டியாக்கியவரும்கூட, இந்தச் சுவர்களின் கணக்குப்படி நல்ல இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இன்னார் நரகம் புகுந்தார் என்று எந்தக் குடும்பமும் அச்சடித்து ஒட்டியதில்லை.

இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. மரித்தவரின் குற்றங்குறைகளைப் பெரிதுபடுத்தாத பண்பு உலகெங்கும் உள்ளதுதான். ஆனாலும் நரகம் உண்டென்று உறுதியாக நம்புகிற ஒருவரிடம் அங்கே யார் யார் இருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பட்டியலில் அவருடைய தகப்பனார் இருக்கமாட்டார், தாய்மாமன் இருக்கமாட்டார், அவரும் இருக்கமாட்டார். சுவர்க்கத்தை நாம் நம்மவர்க்காகவும் நரகத்தைப் பிறர்க்காகவும் நம்புகிறோம் என்பதே என் அபிப்பிராயம். இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒரே கொள்கையின் இரண்டு பாகங்கள் என்று மதநூல்கள் வைத்திருந்தபோதிலும், மனித மனத்தில் அவை வெவ்வேறு இடங்களிலிருந்து பிறக்கின்றன; ஒன்றுக்கு அன்பும் மற்றொன்றுக்குக் கோபமும் மூலம். ஆகையால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு உரிமை உண்டென்றே கருதுகிறேன்.

முதலில் அன்பின் பக்கத்தைப் பார்ப்போம். ஆடி அமாவாசையன்று இராமேசுவரத்து அக்கினி தீர்த்தக் கரையிலும், ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்திலும், பவானிக் கூடுதுறையிலும், குமரி முனையிலும் விடியற்காலையிலேயே கூடுகிற கூட்டம் எத்தனை பெரிதென்று எல்லாரும் அறிவர். தர்ப்பையைக் கையில் மாட்டி, எள்ளும் நீரும் இறைத்து, தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்கிற அந்த மனிதரை நிறுத்தி, உங்கள் தகப்பனார் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டால், அவர் திகைத்துப் போவார். தகப்பனார் மறுபிறவி எடுத்துவிட்டார் என்றும் அவர் நம்புகிறார். வைகுண்டத்தில் இருக்கிறார் என்றும் நம்புகிறார். பித்ருலோகத்தில் பசியோடும் தாகத்தோடும் மகனை எதிர்பார்த்திருக்கிறார் என்றும் நம்புகிறார். வீட்டுக்குத் திரும்பி வாழையிலையில் சோறு வைத்துக் காகத்தைக் கூவி அழைக்கும்போது, அந்தக் காகத்தின் உருவில் வந்திருக்கிறார் என்றும் பாதி நம்புகிறார். மறுபிறவி எடுத்தவருக்குத் தர்ப்பணம் எதற்கு, வைகுண்டவாசிக்குப் பசி ஏது என்னும் கேள்விகள் அவருக்குத் தோன்றுவதேயில்லை.

தோன்றியவர்களும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் மாதவாசாரியர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகம் என்னும் நூலில் மறுமையை மறுக்கும் உலோகாயதரின் வாதம் ஒன்று எடுத்துக் கூறப்படுகிறது: இங்கே இடுகிற பிண்டம் இறந்தவனுக்குப் போய்ச் சேருமானால், யாத்திரை போகிறவன் கட்டுச்சோறு சுமப்பானேன், வீட்டிலேயே ஒருவன் அவன் பேரால் உண்டுவிடலாமே, கீழே போடுகிற சோறு மாடியில் இருப்பவனுக்குப் பசி தீர்க்குமா என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். வைதிகர்கள் இதற்குச் சொன்ன சமாதானமும் ரசமானது. வசு, ருத்திரர், ஆதித்தியர் என்னும் பித்ரு தேவதைகள் நாம் கொடுப்பதை ஏற்று, நம் முன்னோர் எங்கே என்னவாகப் பிறந்திருந்தாலும் அங்கே அவரவர்க்கு ஏற்ற உருவில், தேவரானால் அமிர்தமாகவும் பசுவானால் புல்லாகவும் சேர்ப்பித்துவிடுவார்கள் என்றார்கள். எந்தத் தேசத்திலும் விலாசம் தெரியாதவருக்கு மணியார்டர் பட்டுவாடா செய்கிற இப்படிப்பட்ட தபால் இலாகா இருந்ததில்லை! ஆனால் இந்தச் சமாதானத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். தகப்பனார் எங்கோ ஒரு மாட்டுத் தொழுவத்தில் பசியோடு நிற்கக்கூடும் என்று எண்ணி வருந்துகிற மகன் ஒருவன் இல்லாவிட்டால், இப்படி ஒரு பதிலை யோசித்திருக்கவே வேண்டியதில்லை.

தர்க்கத்துக்கு ஒவ்வாத நான்கு நம்பிக்கைகளை ஒரே மனிதர் ஒரே காலைப் பொழுதில் கடைப்பிடிப்பது மூடத்தனம் என்று சீர்திருத்தவாதிகள் சொல்லுவார்கள். அந்த மனிதருக்குத் தேவைப்படுவது மறுமையைப் பற்றிய ஒரு கொள்கையன்று, தகப்பனாருக்குச் செய்ய இன்னும் ஏதேனும் பாக்கி இருக்கிறது என்னும் உணர்ச்சிதான் என்பதை ஒப்புக்கொண்டால், மூடத்தனம் என்னும் சொல்லுக்கு அங்கே வேலையில்லை. இல்வாழ்வானின் கடமைகளைச் சொல்லவந்த வள்ளுவர் தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் விருந்தினருக்கும் முன்னால் வைத்தார். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவுமாகத் தோட்டம்போல் ஆகிவிடுகிற கத்தோலிக்கக் கல்லறைகளைப் பார்த்தவர்களும், பராஅத் இரவில் மையவாடிக்குச் சென்று துஆ ஓதித் திரும்புகிற முஸ்லிம் நண்பர்களோடு பழகியவர்களும், இந்த விஷயத்தில் மதங்களிடையே உள்ள பேதம் எவ்வளவு அற்பமானது என்பதை அறிவார்கள்.

நரகத்தின் கதை வேறு.

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்து இறுதியில் பரீட்சித்து மன்னனுக்குச் சுகர் விவரிக்கிற 28 நரகங்களை நிதானமாகப் படித்தால், அது ஒரு தண்டனைச் சட்டம் என்பது விளங்கும். பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்குத் தாமிஸ்ரம். உயிருள்ள பறவைகளையும் விலங்குகளையும் சமைத்தவனுக்குக் கொதிக்கும் எண்ணெயோடு கும்பீபாகம். விருந்தினர்க்கும் முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் கொடாமல் தனித்து உண்டவன் புழுக்குளத்தில் தானும் புழுவாகிக் கிடக்க கிருமிபோஜனம். சாட்சியத்திலும் வியாபாரத்திலும் பொய் சொன்னவனை நூறு யோசனை உயரமுள்ள மலையிலிருந்து தலைகீழாகத் தள்ள அவீசி. இவற்றில் பலவும் இன்றைக்கும் குற்றங்கள்தாம். தனித்து உண்பதை ஒரு பெருங்குற்றமாகக் கருதிய அந்த உள்ளத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இதே பட்டியலில் சூகரமுகம் என்று ஒரு நரகம் இருக்கிறது. நிரபராதியைத் தண்டித்த அரசனையும் அவனுடைய அதிகாரியையும் கரும்பை ஆலையில் இடுவதுபோல் அங்கே பிழிவார்கள் என்று படித்து, நல்லது என்று சொல்ல வாயெடுக்கும்போதே, பிராமணனுக்குச் சரீர தண்டனை விதித்தவனுக்கும் அதே நரகம் என்று அடுத்த சொற்கள் வந்துவிடுகின்றன. யமலோகத்துச் சட்டத்தையும் பூலோகத்தார்தாம் எழுதினார்கள். எழுதும்போது தங்கள் வீட்டு வேலியையும் அதில் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள்.

அதைவிட என்னை அருவருக்கச் செய்வது இந்த வர்ணனைகள் பயன்பட்ட விதம். கருடபுராணத்தின் பிரேத கல்பத்தை மற்றக் காலங்களில் வீட்டில் வைத்திருக்கவே அஞ்சுகிறவர்கள், சாவு நேர்ந்த வீட்டில் காரிய நாட்கள் முடிவதற்குள் அதைப் பாராயணம் செய்விக்கிறார்கள். கணவனைப் பறிகொடுத்து இரண்டு நாள்கூட ஆகாத ஒரு பெண்மணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, அவருடைய காதுபட, இறந்தவன் பாசக்கயிற்றால் கட்டுண்டு சுடுமணலில் இழுத்துச் செல்லப்படுவதையும், இரத்தமும் சீழும் ஓடுகிற வைதரணி நதிக்கரையில் அவன் நின்று கதறுவதையும் ராகம் போட்டுப் படிப்பதைக் காட்டிலும் குரூரமான சடங்கு உண்டா என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். அந்த நதியைக் கடக்கப் பசுவின் வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதும், ஆகவே கோதானம் செய்யவேண்டும் என்பதும், பசுவுக்குப் பதிலாக ஒரு தொகையே போதும் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய வியாதியன்று. உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகும் ஆத்துமாக்களை விடுவிக்கப் பாவமன்னிப்புச் சீட்டு விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை உரோமாபுரியில் இராயப்பர் ஆலயம் கட்டச் செலவிட்டபோதுதான், 1517இல் லூதர் விட்டன்பர்க்கில் தம் ஆட்சேபங்களை வெளியிட்டார். துக்கத்தில் இருப்பவனிடம் பேரம் பேசினால் அவன் மறுத்துப் பேசமாட்டான் என்பது எல்லா நாட்டு வியாபாரிகளுக்கும் தெரிந்திருக்கிறது. 2005இல் ‘அந்நியன்’ திரைப்படம் கும்பீபாகத்தையும் கிருமிபோஜனத்தையும் திரையில் நிறைவேற்றிக் காட்டியபோது அரங்கில் எழுந்த கரகோஷத்தைக் கேட்டவர்கள், பழைய புராணத்துக்குப் புதிய பக்தர்கள் குறைவில்லை என்பதை உணர்ந்திருப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நரகம் வேண்டாம் என்று சொல்ல எனக்கே நா எழாத ஓரிடம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அந்நாளைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலச்சுவான்தார்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. இப்படி ஒரு செய்தியைப் படிக்கிறவன் எத்தனை பெரிய நாஸ்திகனாயினும், எங்கேனும் ஒரு கணக்குப்புத்தகம் இருக்கவேண்டும், யாரேனும் ஒரு சித்திரகுப்தன் அதை எழுதியிருக்கவேண்டும் என்று ஒரு கணமேனும் விரும்பாமல் இரான். நரகத்தைச் சிருஷ்டித்தது குரூரம் மட்டுமன்று. பூமியில் கிடைக்காத நீதிக்கு ஏங்கி ஏங்கி அலுத்தவர்களின் கைகளும் அதைக் கட்டியிருக்கின்றன.

ஆயினும் யோசித்துப் பார்க்கையில், அந்த 44 பேருக்கும் நரகம் என்ன செய்தது? மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்று வழக்கை மேலுலகத்துக்கு அனுப்பிவிட்டவர்களால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் விளையவில்லை. ஆண்டுதோறும் அதே தேதியில் அவ்வூர் நினைவிடத்தில் கூடி அவர்களை நினைவுகூர்கிறவர்களும், கூலிக்காகவும் நிலத்துக்காகவும் அதன் பின்னரும் போராடியவர்களும், எமனுடைய தீர்ப்புக்குக் காத்திருந்தவர்களல்லர். அநியாயம் செய்தவனுக்கு அங்கே தண்டனை நிச்சயம் என்னும் எண்ணம், இங்கே நாம் செய்யவேண்டியதைச் செய்யாமல் தூங்குவதற்கு ஒரு தலையணையாகி விடுகிறது. பொல்லாதவனோ அந்த எண்ணத்தால் ஒருநாளும் பயந்ததில்லை. கோதானம் செய்யப் பணம் வைத்திருப்பவன் அவன்தானே.

மகாபாரதத்தின் கடைசிப் பருவமான சுவர்க்காரோகண பருவத்தை நம் கதாகாலட்சேபக்காரர்கள் அதிகமாகச் சொல்வதில்லை. எனக்கோ, அந்தப் பெரிய இதிகாசம் முழுவதிலும் இதற்கு நிகரான பகுதிகள் சிலவே உள்ளன என்று தோன்றுகிறது. சுவர்க்கம் சேர்ந்த தருமபுத்திரன் அங்கே முதலில் காண்பது ஒளி வீசும் ஆசனத்தில் வீற்றிருக்கும் துரியோதனனை. என் தம்பியர் எங்கே என்று கேட்கிறான். தேவதூதன் அவனைத் துர்நாற்றம் வீசும் இருண்ட பாதையில் அழைத்துச் செல்கிறான். திரும்பிவிடலாம் என்று அவன் எண்ணும் கணத்தில், உன் மேல் பட்டு வரும் காற்று எங்கள் வேதனையைத் தணிக்கிறது, சற்று நில் என்று குரல்கள் கேட்கின்றன. யார் என்று வினவினால் கர்ணன், பீமன், அருச்சுனன், நகுலன், சகாதேவன், திரௌபதி என்று விடை வருகிறது. தருமன் தூதனைப் பார்த்து, நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறான். அதன்பின் தேவர்கள் வந்து, இதெல்லாம் மாயை, துரோணரிடம் நீ சொன்ன பொய்க்காகச் சிறிது நேரம் உனக்கு நரகத்தைக் காட்டினோம் என்று விளக்கம் கூறுகிறார்கள். அந்த விளக்கம் எனக்கு ஒருபோதும் திருப்தியளித்ததில்லை. தருமன் நின்றது மாயையில் என்றால், அவன் எடுத்த முடிவு மாயையாகிவிடுமா? தன்னைச் சேர்ந்தவர்கள் வெளியே கிடக்க, உள்ளே சென்று அமிர்தம் உண்ண மறுத்த மனிதனின் கதை அது. தேவர்கள் என்ன சொன்னாலும் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

இராமானுஜரைப் பற்றி வைணவ குருபரம்பரை சொல்லும் வரலாறும் இதற்கு இனமானதே. பதினெட்டு முறை நடந்து சென்று திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரத்தின் இரகசிய அர்த்தத்தை, வெளியே சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையை மீறி, அவ்வூர்க் கோயிலின் மேலேறி நின்று கூடியிருந்தோர்க்கெல்லாம் உரக்கச் சொன்னார். இத்தனை பேர் கரையேற நான் ஒருவன் நரகம் புகுந்தால் என்ன என்று ஆசாரியருக்கு விடையளித்தார். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த சூஃபி ஞானி ராபியா, ஒரு கையில் தீவட்டியும் மறு கையில் நீர்க்குடமுமாய்த் தெருவில் ஓடினாராம். கேட்டவர்களிடம், சுவர்க்கத்தைக் கொளுத்தவும் நரகத்தை அணைக்கவும் போகிறேன், அதன்பிறகாவது மனிதர்கள் ஆண்டவனை அவனுக்காகவே நேசிப்பார்கள் என்று சொன்னதாக வழிவழியாகக் கூறுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கன் பெயரைச் சொல்லும் சுவையிருக்க இந்திரலோகமும் வேண்டாம் என்று பாடினார். அதே ஸ்ரீரங்கத்தில்தான் மார்கழி வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் திறப்பதற்கு இரவெல்லாம் காத்திருந்து முண்டியடித்து நுழைகிறோம் என்பது சற்று வேடிக்கையான விஷயம்.

பக்தர்கள் இவ்வாறு துணிந்து சொல்வதற்கு நெடுங்காலம் முன்னரே, பக்தி நோக்கம் எதுவுமின்றி, தமிழ்ப் புலவர் ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். பொதியமலைத் தலைவன் ஆய் அண்டிரனைப் பாடவந்த உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இப்பிறப்பில் கொடுத்தால் மறுபிறப்பில் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிற அற வியாபாரியல்லன் எங்கள் ஆய், சான்றோர் சென்ற வழி இதுவென்பதால் கொடுக்கிறான் என்றார். மேலுலகம் என ஒன்று இல்லாமற் போனாலும் ஈவதே நல்லது என்று வள்ளுவரும் துணிந்தார். மறுமையை மறுத்தவர்கள் அல்லர் இவர்கள். அறத்தை அதற்கு அடமானம் வைக்க மறுத்தவர்கள். நம்முடைய சமயப் பிரசங்கங்களில் இந்தக் குரல் ஏன் அதிகமாகக் கேட்பதில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

நரகம் சாசுவதமானது என்னும் கொள்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டுச் சமயங்களில் பெரும்பாலானவற்றில் சுவர்க்கமும் நரகமும் தங்கிச் செல்லும் சத்திரங்களே. புண்ணியம் தீர்ந்தால் தேவனும் இறங்கவேண்டியதுதான் என்று கீதையே கூறுகிறது. எத்தனை பெரிய பாவமானாலும் ஒரு மனித ஆயுளுக்குள் செய்ததற்கு முடிவில்லாத தண்டனை பொருந்தாது என்னும் எளிய நியாயம் இதில் இருக்கிறது. மற்ற மதங்களிலும் இந்த நியாயம் மெல்ல மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களின் கதி என்ன என்று பல நூற்றாண்டுகள் தர்க்கித்த கத்தோலிக்கத் திருச்சபையில், அவர்களுக்கும் இரட்சிப்பு உண்டென்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன என்று அதன் சர்வதேச இறையியல் ஆணைக்குழு 2007இல் அறிக்கை வெளியிட்டது. பிள்ளையை இழந்த தாய்மார்கள் அந்த முடிவுக்கு எப்போதோ வந்திருப்பார்கள்.

என் சொந்த நம்பிக்கை என்ன என்று கேட்டால், உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழன் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பெற்ற மக்களோடு பகை நேர்ந்து, வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த அவன், நல்வினை செய்வோர்க்கு மேலுலகத்து இன்பம் கிடைக்கலாம், அது இல்லையென்றால் மீண்டும் பிறவாதிருத்தல் கூடலாம், பிறவிதான் இல்லையென்றால் பழியற்ற உடம்போடு புகழை நிறுத்தி மாய்வதாவது உறுதி என்று பாடினான். சாவு நாலு நாள் தூரத்தில் நிற்கும்போதும், உண்டு என்று அவன் அடித்துச் சொல்லவில்லை. இல்லை என்றும் சாதிக்கவில்லை. அவன் நிச்சயமாய் நம்பியது, பாண்டிநாட்டிலிருந்து தன்னை முன்பின் காணாத நண்பர் பிசிராந்தையார் வந்து சேருவார் என்பதை. அவருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் வந்தார்.

ஆகவே எள்ளும் நீரும் இறைப்பவர்கள் இறைக்கட்டும், காகத்துக்குச் சோறு வைப்பவர்கள் வைக்கட்டும். பேரப்பிள்ளை கேட்டால், தாத்தா சாமியிடம் போய்விட்டார் என்றே சொல்லட்டும். துக்க வீட்டில் தண்டனைப் படலத்தை வாசிக்கிற வழக்கத்தை மட்டும் நாம் நிறுத்திவிடலாம். சைவ இல்லங்களில் அந்நாட்களில் திருவாசகம் ஓதுகிறார்கள், வைணவர்கள் திவ்வியப் பிரபந்தம் சேவிக்கிறார்கள். எனவே புதிதாக ஒன்றைத் தேடவேண்டிய அவசியமும் இல்லை. புரோகிதர்கள் இதற்கு ஆட்சேபம் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கும்பீபாகம் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, இரண்டு பக்கம் சேர்த்துத் திருப்பிவிடுகிற புரோகிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.